அவசரமில்லாத நாலு வரி

முசரவாக்கம்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், அவர், மாமியார், குழந்தை எல்லோரும் நலம். அங்கே நீயும் மாமாவும் பிள்ளைகளும் நலந்தானா?

உன் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரர், "இந்தக் காலத்துல யாரும்மா உனக்குக் கையால எழுதிக்கினு இருக்காங்க?" என்று கேட்டார். எனக்குக் கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூன்று வருஷம் ஆனாலும் உன் கோழிக்கிறுக்கல் மறக்குமா? படித்துவிட்டு அழுதேன். நான் அழுததைப் பார்த்து அபியும் அழுதாள். அவளுக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை. சர்ச்சில் அபிகாயேல் என்று பெயர் வைத்தார்கள். மனசுக்குள் எனக்கு அபிராமி. அபி என்று கூப்பிட்டால் வீட்டில் சண்டை இல்லை.

நீ ஆரணிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போஸ்ட் மாஸ்டர் ஆகிவிட்டாய் என்பதை நம்பவே முடியவில்லை. உன் போனை மாமா நோண்டிப் பார்ப்பார், ஆனால் தபால் பையைப் பிரிப்பது நீதான். கெட்டிக்காரி. இனி எனக்குப் பிறந்த வீட்டுக்கு ஒரு முகவரி இருக்கிறது.

வீட்டில் சும்மாதான் இருக்கிறாயா என்று கேட்டிருந்தாய். தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு நான் வேலை தேடாத இடமில்லை. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனி வீடியோவில் இன்டர்வியூ வைத்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அபி தவழ்ந்து வந்து இயர்போனைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அந்த மேடம் சிரித்தார், "ஸோ க்யூட்" என்றார், அதற்குப் பிறகு கூப்பிடவேயில்லை. அப்புறம் ஒரு பட்டுக்கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் புடவையைப் பற்றி இரண்டு இரண்டு வரி எழுதினேன். இப்போது அதை ஏஐ எழுதுகிறதாம்.

கடைசியில் எங்கே போய் நின்றேன் தெரியுமா? ராமராஜன் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில். ஆமாம், அதே கடைதான். நான் ஜெபகுமாரைக் கட்டிக்கொண்ட மறுநாள், வேறு சாதிக்காரனோடு போனவள் செத்தவளுக்குச் சமம் என்று அப்பாவும் சிவபாலன் அண்ணனும் எனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்களே, அதை அச்சடித்த கடை. "அண்ணே, எனக்கு நீங்க போட்ட கவிதை கேவலமா இருந்துச்சு. நான் இதைவிட நல்லா எழுதுவேன். வேலை குடுங்க" என்றேன். மனிதர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போது காஞ்சிபுரத்தில் யார் செத்தாலும் பாதிப் பேருக்கு என் கண்ணீர்தான்.

அக்கா, அம்மாவிடம் சொல்லு. கோபமெல்லாம் எனக்கு அப்பா மேலும் அண்ணன் மேலும்தான். அபியை ஒருமுறை அம்மா பார்க்க வேண்டும். தூக்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும். அதற்கு மட்டும் ஒரு வழி செய்.

உன் தங்கை,
அகிலா

*

4 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை அகிலாவுக்கு,

நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன். உன் வீட்டு சாமியையும் சேர்த்துத்தான் வேண்டினேன், போதுமா?

ஆவணி அமாவாசைக்குக் காஞ்சிபுரம் போயிருந்தேன். அப்பாவும் சிவபாலனும் தறியில் இருந்தார்கள். சமையல்கட்டில் வைத்து அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். ஃப்ளெக்ஸ் கடையில் நீ பேசிய பேச்சைக் கேட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "அந்தத் திமிரு எங்க போவும், என் வயித்துல பொறந்தது" என்றாள். அபியின் போட்டோவை என் போனில் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் நீ கவரில் வைத்து அனுப்பியதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள்.

அம்மா நலம். இப்போது முன்போல் இழை அறுந்தால் உடனே கண்டுபிடிக்க முடியவில்லை, கண் மங்குகிறது. அடிக்கடி தலைவலி என்கிறாள். வயசானால் எல்லோருக்கும் இருப்பதுதான். நீ கவலைப்படாதே.

நீ எழுதும் வரிகளை அனுப்பு. கேட்க வேண்டும் என்று சொல்கிறாள்.

அன்புடன்,
சங்கரி

*

முசரவாக்கம்
29 செப்டம்பர் 2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அபிக்கு மட்டும் சளி. மூக்கைத் துடைக்கப் போனால் ஊரைக் கூட்டுகிறாள்.

அம்மா சிரித்தாள் என்ற வரியை மட்டும் பலமுறை படித்தேன்.

என் தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், அம்மாவுக்குச் சொல்லு. ராமராஜன் அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இவ்வளவுதான்: "தாத்தா, எண்பது, ரைஸ் மில்." "தம்பி, பைக்." பெயர் இருக்காது, முகம் இருக்காது. "பேரு, போட்டோ, சொந்தக்காரங்க லிஸ்ட்டு எல்லாம் நான் போட்டுக்கிறேன். நீ கண்ணீரை மட்டும் போடும்மா" என்பார். அங்கே சாவு வீட்டில் பசை காய்ச்சிக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். எனக்கு அரைமணி நேரம் கிடைத்தால் பெரிசு. நிமிஷத்துக்கு ஒருதரம் "ஆச்சாம்மா, ஆச்சாம்மா" என்று மெசேஜ் வரும்.

அபி இடுப்பில் இருந்தால் கையால் டைப் அடிக்க முடியாது. போனில் வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்ளும். ஒருநாள் "எங்களை விட்டு எங்கே சென்றாய்" என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் அபியிடம் "செருப்பை வாயில வெக்காதடி" என்றதும் சேர்ந்து போய்விட்டது. ராமராஜன் அண்ணன் பார்க்காமல் இருந்திருந்தால் வாலாஜாபாத் பெரியவர் ஒருவர் அந்த வரியோடுதான் சொர்க்கம் போயிருப்பார்.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அழுத வீட்டுக்காரர்கள் சில பேர் கடைக்கு வந்து "யாருப்பா எழுதுனது, எங்க அப்பாவை நேர்ல பார்த்த மாதிரியே இருக்குது" என்று கேட்டிருக்கிறார்கள். கீழே என் பெயர் இருக்காது. எழுதியவள் பெயரைச் சாவு போஸ்டரில் யார் போடுவார்கள்?

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கார்த்திகை வந்தால் கச்சபேஸ்வரர் கோயிலில் கடை ஞாயிறு. அம்மா தலைவலிக்கு நேர்ந்துகொண்டு மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் வைத்துச் சுற்றலாம். ஊரே அன்றைக்குத் தலையில் விளக்கோடு சுற்றும். அந்தக் கூட்டத்தில் யார் யாரைப் பார்த்தார்கள் என்று யாருக்குத் தெரியப் போகிறது? நான் அபியோடு கோபுர வாசலில் நிற்கிறேன். அம்மா என்னைக் கடந்து போனால் போதும்.

அம்மாவைக் கேட்டு எழுது.

அகிலா

*

24 அக்டோபர் 2024

அன்பு அகிலா,

நலம், நலமே விளைக.

அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். கார்த்திகையின் கடைசி ஞாயிறு, காலையில். கூட நான் வருகிறேன். சிவபாலனுக்கு அன்றைக்குச் சென்னையில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அப்பாவுக்கு வாசலை விட்டு நகர முடியாத முழங்கால் வலி. கடவுளே ஏற்பாடு செய்து கொடுத்த மாதிரி இருக்கிறது.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. பிரித்துப் பார். தறியிலிருந்து அறுத்த புடவையில் மிச்சம் நின்ற துண்டில் அம்மா கையாலேயே தைத்த பாவாடை. அரக்கு நிறம், ஒரு சாண் கரை. ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிட்டாள், தையல் மட்டும் அவளே போட்டாள். தையல் கொஞ்சம் கோணலாக இருக்கும், கண்டுகொள்ளாதே. அன்றைக்கு அபிக்கு அதைக் கட்டி அழைத்து வரச் சொன்னாள். "கூட்டத்துல எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அந்தக் கலர் தெரியும்" என்றாள்.

புதுச் சட்டி கூட வாங்கி வைத்துவிட்டாள்.

உன் அக்கா,
சங்கரி

*

முசரவாக்கம்
16 டிசம்பர் 2024

அக்கா,

நாங்கள் நேற்றுக் கோயிலுக்குப் போனோம்.

விடிவதற்கு முன்பே அவர் எங்களை பைக்கில் கொண்டுவந்து விட்டார். யாராவது பார்த்தால் வம்பு என்று தள்ளி, டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார். அபிக்குப் பாவாடை கட்டியிருந்தேன். கொஞ்சம் நீளம், தடுக்கிவிடுகிறது, ஆனாலும் அவிழ்க்க விடவில்லை. தலையில் விளக்கோடு போகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் கையை ஆட்டினாள். யார் யாரோ சிரித்தார்கள். நான் ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் வயசான பெண்கள் எல்லோருமே அம்மா மாதிரி இருந்தார்கள், கிட்டே வந்ததும் வேறு யாரோ ஆனார்கள்.

வெயில் ஏறி, கூட்டம் கலைந்து, உடைந்த சட்டிகளைக் கூட்ட ஆள் வந்த பிறகுதான் கிளம்பினேன்.

வர முடியாது என்றால் சொல்லியிருக்கலாம். எத்தனையோ முறை எனக்குக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். இது மட்டும் குழந்தைக்கு.

அகிலா

*

22 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே.

அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது. உனக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை. பிறகு பொங்கல் வேலை, அலுவலகத்தில் பென்ஷன் வேலை. இப்போது கால் பரவாயில்லை. அம்மா நலமாகவே இருக்கிறாள். அபி பாவாடை கட்டிக்கொண்டாளா என்று கேட்டாள். கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தாள் என்று சொன்னேன்.

ஒரு விஷயம். ராமராஜன் கடைக்கு இன்னும் நீதானே எழுதுகிறாய்? வேறு யாரையும் வைத்துக்கொள்ளவில்லையே? சும்மாதான் கேட்கிறேன்.

சங்கரி

*

முசரவாக்கம்
10 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

கோபம் முழுசாகப் போகவில்லை. ஆனால் சந்தோஷமான செய்தியைச் சொல்ல எனக்கு வேறு அக்கா இல்லையே. அபி ஓட ஆரம்பித்துவிட்டாள். வயசான பெண்களைக் கண்டால் எல்லோரையும் "ஆயா" என்கிறாள். அதுவல்ல செய்தி.

பெங்களூரில் ஒரு கம்பெனி, காதால் கேட்கிற தொடர்கதைகளுக்கு எழுத ஆள் எடுக்கிறது. நான் மாதிரிக்கு அனுப்பிய கதை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. தினம் ஒரு பகுதி தர வேண்டும், ஆறு மாத ஒப்பந்தம். தொடக்கத்திலேயே எழுதியவர் பெயரை வாசிப்பார்கள். என் பெயரை, அக்கா! எப்படிப் போட வேண்டும் என்று கேட்டார்கள். உ. அகிலாவுக்குத்தான் அப்பா போஸ்டர் ஒட்டிவிட்டாரே. கா. அகிலா என்று எழுதிக் கொடுத்தேன். காமாட்சியம்மாள் மகள் அகிலா. அம்மாவிடம் சொல்லு.

தினமும் எழுத வேண்டுமென்றால் அபியை யார் பார்ப்பது என்று தவித்தேன். என் மாமியார் பட்டம்மாள் ஷூ கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறார் இல்லையா? "நான் வேலைய விட்டுட்டுப் புள்ளையப் பாத்துக்கிறேன், நீ எழுதும்மா. எனக்குத்தான் படிப்பு வரல, உனக்கு வந்தத ஏன் வுடணும்?" என்றார்.

அதனால் இந்த மாதத்தோடு சாவுப் போஸ்டருக்கு முழுக்கு. மார்ச் முதல் தேதி கதை ஆரம்பம்.

உன் போன கடிதத்தின் கவரில் சென்னை முத்திரை இருந்ததே, நீ எதற்குச் சென்னை போனாய்?

அகிலா

*

15 பிப்ரவரி 2025

அகிலா,

நலம். உன் செய்தியில் மனசு நிறைந்தது.

ஆனால் ராமராஜன் கடை வேலையை இப்போது விடாதே. சித்திரை வரைக்கும் இரு. அந்த பெங்களூர்க்காரர்களிடம் கொஞ்சம் தள்ளிக் கேள். ஏன் என்று கேட்காதே. நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, இது ஒன்றுதான்.

சென்னைக்கு அலுவலகப் பயிற்சிக்குப் போயிருந்தேன்.

சங்கரி

*

முசரவாக்கம்
3 மார்ச் 2025

அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?

நீ சொன்னபடியே கேட்டுக்கொண்டேன். போஸ்டர் வேலையை விடவில்லை. கதையை முன்கூட்டியே எழுதிவைத்து இரண்டையும் சேர்த்துச் செய்யலாம் என்று ஒருவாரம் முயன்று பார்த்தேன், முடியவில்லை. ஒரு பக்கம் அவர்கள் தினம் ஒரு பகுதி என்கிறார்கள், இன்னொரு பக்கம் திடீர் திடீரென்று யாராவது சாகிறார்கள், நடுவில் அபி. ஏப்ரலில் ஆரம்பிக்கிறேன் என்று பெங்களூருக்கு எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மாமியார் மட்டும், "உங்க அக்கா சொன்னா காரணம் இருக்கும்" என்றார். இருக்கட்டும்.

நேற்று முன்தினம் ஒரு வேடிக்கை. ராமராஜன் அண்ணன் மெசேஜ்: "அம்மா, அறுபது, நெசவுக் குடும்பம்." வழக்கம்போல அரைமணி நேரத்தில் கேட்பார் என்று அபியைத் தொட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடுத்த மெசேஜில், "மெதுவா எழுதும்மா, அவசரம் இல்ல" என்றார். சாவுப் போஸ்டருக்கு அவசரம் இல்லையாம்! இத்தனை நாளில் அந்த மனிதர் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை. பிணத்தை என்ன ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டேன். "நீ எழுதும்மா" என்று மட்டும் பதில் வந்தது.

நேரம் இருந்ததால் ஒரு முழு மத்தியானம் அதோடு உட்கார்ந்தேன். நெசவுக் குடும்பம், அம்மா என்றதும் வேறு யாரை நினைக்கத் தோன்றும்? கோபித்துக்கொள்ளாதே, நம் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அப்பா தறியில் இருக்கும்போது இழை அறுந்தால், "காமாட்சி" என்று ஒரு குரல் கொடுப்பார். அம்மா அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து குனிந்து முடிந்துவிட்டுப் போவாள். அது கண்ணுக்குள் வந்து நின்றது. எழுதினது இது:

இழை அறுந்தால் ஓடிவந்து முடிந்தாய்.
எங்களில் யார் அறுந்தாலும் முடிந்தாய்.
இன்று நீ அறுந்து போனாய் அம்மா,
முடியத் தெரிந்த கை வீட்டில் இல்லை.

நான் எழுதினதிலேயே இதுதான் உருப்படி என்று நினைக்கிறேன். யாரோ புண்ணியவதி. அவள் பிள்ளைகளுக்கு நல்லா அழுகை வரட்டும். நம் அம்மாவுக்கு ஆயுசு நூறு, அதனால் தயங்காமல் படித்துக் காட்டு. உன்னை நினைச்சு எழுதினாளாம் என்று சொல்லு. "பாழாப்போனவளே, நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே எழவு பாடுறியா" என்று திட்டுவாள். அந்தத் திட்டை அப்படியே எழுதி அனுப்பு.

அகிலா

*

முசரவாக்கம்
14 மார்ச் 2025

அக்கா,

அபிக்குத் தடுப்பூசி போட இன்று டவுனுக்குப் போனேன். பூக்கடைச் சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவரில் என் வரி தெரிந்தது. என் வரிகளை அவ்வளவு பெரிய எழுத்தில் நான் பார்த்ததில்லை. முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அந்தப் பாவத்தை நான் எங்கே போய்த் தொலைப்பேன்? நாலு வரியையும் படித்து, கமா சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் மேலே முகத்தைப் பார்த்தேன்.

நேற்று முன்தினம் என்று போட்டிருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது.

கீழே சொந்தங்கள் பெயர் வரிசையாக இருக்கிறது. மகன் சிவபாலன். மகள் சங்கரி. மருமகன், பேரன், பேத்தி, பங்காளிகள், தெருக்காரர்கள்கூட.

ராமராஜன் அண்ணன் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டரை விட்டு எழுந்து நின்றார். "உங்க அக்காதாம்மா வந்து சொன்னாங்க. என்னைத் திட்டிடு" என்று அழுதார். நான் திட்டவில்லை.

நீ சொல்லு.

அகிலா

*

2 ஏப்ரல் 2025

அகிலாவுக்கு,

பதினாறாம் நாள் முடிந்து ஊர் திரும்பி, பையைப் பிரித்தபோது உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாக இருந்தன. அலுவலகத்தைப் பூட்டிவிட்டு அழுதேன்.

எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசியில் தலைவலி தாங்க முடியாமல் சென்னைக்குக் கொண்டுபோனோம். தலைக்குள் கட்டி என்றார்கள், ஆபரேஷன் செய்தாலும் பலனில்லை என்றார்கள். கடைசி ஞாயிறு அன்று அம்மா சென்னை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். காலையிலிருந்தே, "மணி என்ன ஆச்சு? கூட்டம் கலஞ்சிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தை கடைசியில்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கால் பிசகியது என்று எழுதியது பொய். நலம் என்று எழுதியதெல்லாம் பொய்.

உனக்குச் சொல்ல எத்தனையோ முறை பேனாவை எடுத்தேன். அம்மா விடவில்லை. "சொன்னா ஓடியாந்துடுவா. வந்தா தனியா வரமாட்டா, அவ வூட்டுக்காரரும் கூட வருவாரு. உன் தம்பி என்ன சொல்லிக்கினு இருக்கான்னு உனக்குத் தெரியும்ல? அபிக்கு அப்பன் வேணும்டி" என்றாள். சிவபாலன் சொன்னது உனக்குத் தெரியாது. ஜெபகுமார் நம் தெருவில் கால் வைத்தால் உயிரோடு திரும்ப மாட்டான் என்று அம்மா தலைமாட்டில் நின்றே சொன்னான். அவன் வாய்ப்பேச்சுக்காரன் என்று நான் நினைக்கிறேன். அம்மாவுக்கு அந்தத் தைரியம் இல்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் நினைவு தெளிவாக இருந்தபோது, என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அவ உசுரோட இருக்கும்போது எல்லாரும் சேர்ந்து அவளுக்குப் போஸ்டர் ஒட்டுனீங்க. நானும் பாத்துக்கினு நின்னேன். எனக்கு அவதான் எழுதணும். வேற யார் எழுதுனதும் எனக்கு வேணாம்" என்றாள். அதனால்தான் வேலையை விடாதே என்றேன். உன் பெங்களூர் வேலை அதில் போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் எழுதினேன்.

நான்தான் கடைக்குப் போய்ச் சொன்னேன். நீ எழுதியதும் ராமராஜன் எனக்கு அனுப்பினார். அன்றைக்கே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி படிக்கச் சொன்னாள். அப்புறம், "ரெண்டாவது வரி பொய்யி" என்றாள். "அவ அறுந்தப்ப நான் எங்க முடிஞ்சேன்?" மாற்றி எழுதச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "அவ வாயால வந்துடுச்சு. பொய்யா இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு அது வேணும்" என்றாள். அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தாள்.

உன் பெயரைப் போடச் சொல்லி சிவபாலனிடம் கேட்டேன். செத்தவள் பெயரை எப்படிப் போடுவது என்றான். நான் அதற்குமேல் சண்டை போடவில்லை. போட்டிருக்க வேண்டும்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சங்கரி

*

முசரவாக்கம்
20 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

அபி நலம். அவர் நலம். மாமியார் மறுபடி கேன்டீனுக்குப் போகிறார். பெங்களூர்க்காரர்கள் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். அதற்காக உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அதைப்போல இன்னொன்று தேடிக்கொள்வேன், தேடத் தெரியும்.

நான் அந்த நாலு வரியை எழுதும்போது அம்மா உயிரோடு இருந்தாள். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, உயிரோடு இருந்த அம்மாவுக்கு நான் எழவு பாடிக்கொண்டிருந்தேன். அந்த மத்தியானமே நான் பஸ் ஏறியிருந்தால் வந்து சேர்ந்திருப்பேன். தெருமுனையில் நின்றிருப்பேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு, அபியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். அண்ணன் என்னை அடித்தால் அடிக்கட்டும். என்ன செய்ய வேண்டும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எல்லோரும் எனக்கும் சேர்த்து நீங்களே முடிவு செய்கிறீர்கள். போஸ்டர் ஒட்டியபோதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான்.

அம்மாவுக்கு என் வார்த்தை வேண்டியிருந்தது. எனக்கு அம்மா வேண்டியிருந்தாள்.

இரண்டாவது வரி பொய்தான். எழுதும்போதே எனக்குத் தெரியும். அப்படி ஒரு அம்மா இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் எழுதினேன். அதை அவள் கேட்டுத் தலையில் போட்டுக்கொண்டு போனாள் என்பது மனசை அறுக்கிறது. அவள் கேட்கப் போகிறாள் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீ முடியாவிட்டாலும் பரவாயில்லை, வந்து பார் என்று எழுதியிருப்பேன்.

போன ஞாயிறு அபிக்கு அந்தப் பாவாடையைக் கட்டி டவுனுக்கு அழைத்துப் போனேன். இப்போது அவளுக்கு நீளம் சரியாக இருக்கிறது. பாதிச் சுவரில் வேறு யாருக்கோ காதுகுத்து போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அம்மாவின் முகமும் முதல் வரியும் மட்டும் தப்பியிருந்தன. அவளே விரலை நீட்டி "ஆயா" என்றாள். வழியில் போகிற எல்லோரையும் சொல்வது போலத்தான் சொன்னாள். அவளை அம்மா முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கலர் தெரியும் என்று அம்மா சொன்னாளே.

உன்மேல் கோபம் இருக்கிறது. அது போகும்போது போகட்டும், அதுவரைக்கும் எழுதிக்கொண்டே இரு. ஆனால் ஒரு கண்டிஷன். இனி "நலம்" என்று சும்மா எழுதாதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி என்று எழுதியிருந்தாயே, அவர் எப்படி இருக்கிறார்? இந்த முறை உண்மையை எழுது.

காமாட்சியம்மாள் மகள்,
அகிலா